இடுப்பில் பிறந்த கன்று

செவல்மேட்டுப் பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர் சங்கரகோமதிக்கு, நாற்பது வயதைத் தாண்டிய ஐப்பசியில் இடுப்பு வலி கண்டது. கரிசல் காட்டுக்கு நடுவே செம்மண் திட்டாகக் கிடக்கும் அந்த ஊரில் பிள்ளைகள் ஹாக்கி மட்டையை ஊன்றித்தான் நடை பழகும். அவளும் அப்படிப் பழகியவள்தான். பழகிய நாளிலிருந்து நின்றவளே இல்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம், புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பந்தைத் தரையோடு தரையாக இழுத்து வந்து கோலுக்குள் விடுவது எப்படி என்று காட்டுவதற்காக, முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தி மட்டையைச் சுழற்றியவள், பச்சைக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் தன் உடம்புக்குள்ளிருந்து வந்ததைக் கேட்டாள். பந்து கோலுக்குள் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். குனிந்த டீச்சர் குனிந்தபடியே இருப்பதைப் பார்த்து, அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துத் தாங்களும் குனிந்து நின்றார்கள்.

அவள் கணவன் தங்கமாரியப்பன் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து, அட்டைகளை விரித்து, அதன்மேல் அவளைப் படுக்கவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஒவ்வொரு குழியிலும் ஆட்டோவை நிறுத்தி, இறங்கிவந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் குழியைக் கடந்தான். டவுனில் இருந்த எலும்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். ரொம்பப் படுக்கவும் வேண்டாம், ரொம்ப ஓடவும் வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் படுப்பதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அவளைக் கட்டிலில் கிடத்தி, ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்து தேய்த்து, சுக்கும் மிளகும் அரைத்துப் பற்றுப் போட்டு, அசையாதே, அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் அசையாமல் கிடந்தாள். கிடக்கக் கிடக்க இடுப்பு இரும்பாக இறுகியது. தும்முவதற்குப் பயந்தாள். கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிய முடியாமல், அது கிடக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதைவிட வலித்தது வேறொன்று. வலி வெளியே தெரிகிற சாமான் இல்லை. கட்டு இல்லை, ரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. பார்க்க வந்தவர்கள் வாசலைக் கடந்ததும், ஆளைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாள், பள்ளிக்கூட வேலைக்குச் சோம்பல்பட்டுக் கிடக்கிறாளோ என்று பேசிக்கொண்டது ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்தது. வாழ்நாளெல்லாம் ஓடியவள், ஓடாமல் கிடந்த சில வாரங்களுக்காகச் சோம்பேறி ஆனாள்.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த ஞானசுந்தரி, காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது ஊர் அறிந்த சங்கதி. ஆனால் ஞானசுந்தரி அதைப் பெருமையாக நினைப்பவள் இல்லை. யாராவது கெஞ்சிக் கேட்டால்தான் காலைத் தூக்குவாள். இந்த முறை அவளாகவே வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு வந்து, சங்கரகோமதியைக் குப்புறப் படுக்கச்சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தை அவள் இடுப்பின் பள்ளத்தில் வைத்து, மாவு பிசைகிற பதத்தில் மெல்ல அழுத்தினாள். சங்கரகோமதி பல்லைக் கடித்தாள். வலி திரண்டது. திரண்டு, உருண்டு, முட்டி, வழி தேடி, வழி கிடைத்து, அவளைவிட்டு இறங்கியது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரமாக ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஞானசுந்தரி காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். புகை நிறத்தில், நாய்க்குட்டிக்குச் சற்றுப் பெரிதாக, ஓர் எருமைக்கன்று முன்கால் மடங்கிக் கிடந்து எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இடுப்பு வலின்னு வந்தா ஏதாவது பொறந்துதான ஆகணும், மதினி" என்றாள் ஞானசுந்தரி. பிறகு வெந்நீர் வைக்கப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த தங்கமாரியப்பன் வாசற்படியில் செருப்பைக் கழற்றியவன், உள்ளே ஞானசுந்தரி துணியால் கன்றைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பிரசவம் நடந்த வீட்டில் ஆண்கள் நிற்கிற மாதிரி வெளியிலேயே நின்றான். கன்று ஏது என்று அவன் கேட்கவில்லை. தன் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டான். வலி இன்னும் இருந்தது. ஆனால் இப்போது அது அவளுக்கு வெளியே, அவள் பார்க்கும்படி, நான்கு காலில் நின்றது.

பிறப்புத் தீட்டு காக்க வேண்டுமா என்று தெருவில் பேச்சு வந்தது. தொப்புள்கொடி இல்லாமல் பிறந்ததற்குத் தீட்டு இல்லை என்று கோயில் பூசாரி தீர்த்துச் சொன்னார். ஆனாலும் பெண்கள் பூண்டுக் குழம்பும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை அவள் உடம்புக்குத்தான் கொடுத்தோம், பிறந்ததற்கு இல்லை என்று விளக்கமும் சொன்னார்கள். மாட்டு டாக்டர் வந்து கன்றின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சங்கரகோமதியைக் கொஞ்சம் நடக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் வைத்துக் கேட்டார். அவள் நடக்கும்போது துடித்தது, நின்றால் அடங்கியது. தான் படித்த படிப்பில் இதற்கு மருந்து இல்லை என்று நேர்மையாகச் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். பள்ளித் தலைமையாசிரியை நன்றாக யோசித்து, கன்றை மைதானத்து ஓரத்துப் பூவரசு மரத்தடியில் கட்டிக்கொள்ளலாம், வகுப்பறைக்குள் மட்டும் வர வேண்டாம் என்றார். அப்படியாக, சங்கரகோமதி மறுபடியும் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் மதிய இடைவேளையில் விளையாட்டாக யாரோ எறிந்த கல் கன்றின் விலாவில் பட்டது. அந்த நிமிஷம் ஆசிரியர் அறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த சங்கரகோமதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்தாள். பாத்திரம் உருண்டது. அதற்குப் பிறகு செவல்மேட்டில் அந்தக் கன்றை யாரும் அடிக்கவில்லை. அம்மாமார்கள் பிள்ளைகளிடம் தொடாதே, டீச்சருக்கு வலிக்கும் என்றார்கள். பஸ் டிரைவர்கள் அது சாலையைக் கடக்கும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கடைமுன் தண்ணீர் தெளிக்கும்போது அது வருகிறதா என்று பார்த்துத் தெளித்தார். இப்போது யாரும் அவளைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. இன்றைக்கு வலி எப்படி என்று அவளிடம் கேட்கவும் இல்லை. கன்றைப் பார்த்தார்கள், அது தலையைத் தொங்கப்போட்டு நின்றால் அவளுக்கு நாற்காலி போட்டார்கள்.

அதை வளர்ப்பதற்குத்தான் அவள் ரொம்பப் பாடுபட்டாள். வைக்கோல் தின்னாது, தண்ணீர் குடிக்காது. தவிட்டை வறுத்துச் சாக்கில் கட்டி வைத்தால் அந்தச் சூட்டின்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். முதலில் அவள் அதைக் கொல்லையில் கட்டிப்போட்டாள். கட்டிக்கிடந்த நாட்களில் அது கனத்தது. நிறம் கறுத்து, கால் தடித்து, காலையில் அவள் எழுந்திருக்கும்போது தரையோடு தரையாக அழுத்திக்கொண்டு எழமாட்டேன் என்றது. அவளாலும் எழ முடியவில்லை. கோபம் வந்து, அவிழ்த்துவிட்டு மைதானத்தைச் சுற்றி விரட்டினாள். அது உதைத்தது. உதை வாங்கியது அவள்தான். அழுதுகொண்டே இரண்டு நாள் படுத்திருந்தவள், பிறகு ஒரு விடியற்காலையில், வேறு வழி தெரியாமல், கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, கண்மாய்க்கரை மேல் மெதுவாக நடந்தாள். அது நின்ற இடத்தில் அவளும் நின்றாள். அது நடக்கத் தொடங்கினால் அவளும் நடந்தாள். கரையின் மறுமுனைக்குப் போய்த் திரும்பும்போது, கன்று கொஞ்சம் இளைத்த மாதிரி அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தங்கிவிடும் என்று நினைத்தாள்.

ஆனால் எல்லா நாளும் விடியற்காலை இல்லை. சில நாள் மறந்துபோகும். உடம்பு பழைய உடம்பென்று கை நினைத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலியான கேஸ் சிலிண்டரை வெளியே வைப்பதற்காகக் கணவனைக் கூப்பிடாமல் தானே ஒரு கையால் தூக்கினாள். கொல்லையில் கன்று நான்கு காலும் மடங்கி விழுந்தது. அவள் அடுப்படி வாசலில் விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கமாரியப்பன், அவள் தரையில் ஒருக்களித்துக் கிடந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுவதைக் கண்டான். பந்து பட்டு முன்பல் உடைந்த அன்றைக்கு அழாதவள், மகளை நர்சிங் படிக்க வெளியூர் விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு அழாதவள். அவன் அவளைத் தூக்க வந்தான், தொடாதீங்க என்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கன்று கொல்லையிலிருந்து அவனைப் பார்த்தது. அவனும் அதைப் பார்த்தான்.

அவள் மறுபடியும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளில், கன்று இன்னும் தேறி நடக்காததால் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் தங்கமாரியப்பன் ஆட்டோவைக் கொல்லைப்பக்கம் கொண்டுவந்து, பலகை சாய்த்து, கன்றை ஏற்றினான். தீப்பெட்டி பண்டல்கள் மலையாக ஏற்றினாலும் அசையாத ஆட்டோ, அந்தச் சின்னக் கன்று ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டினான், கடைசி மக்காச்சோளக் காட்டைத் தாண்டினான், ஊர்கள் தீர்ந்து காற்றாலைகள் மட்டும் நிற்கிற பொட்டலுக்கு வந்தான். மகள் பிறந்த அன்றைக்குப் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போன வேகத்தில்தான் ஓட்டினான். வகுப்பில் நின்றுகொண்டிருந்த சங்கரகோமதிக்கு, வலி தூரம் போகிற பாட்டுச் சத்தம்போலத் தேய்ந்து, தேய்ந்து, ஒரு கட்டத்தில் இல்லாமல் போனது. அவள் சாக்பீஸை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு, குனிந்து எடுத்தாள்.

கயிறு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று அவன் சொன்னான். அவள் மேலே கேட்கவில்லை. கேட்க விருப்பமும் இல்லை. ஊர் சந்தோஷப்பட்டது, மைதானத்தில் அவள் ஓடுவதைப் பார்க்கத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலை விட்டு வரும் வழியில் நின்றார்கள். ஞானசுந்தரி மட்டும், பெற்றது காணாமல் போனால் தேட வேண்டாமா என்று தையல் மெஷினைப் பார்த்துச் சொன்னாள். சங்கரகோமதி குடம் தூக்கினாள், குப்புறப் படுத்துத் தூங்கினாள், மகளிடம் போனில் நின்றபடியே வெகுநேரம் பேசினாள். ஊர்ப் பெண்கள் அணியில் தன் பழைய இடமான நடு ஆட்டக்காரி இடத்தில் மறுபடி நின்று, பக்கத்து ஊர் அணியை அவள் வென்று வந்தபோது, கழுத்தில் மாலை போட்டு அழைத்து வந்தார்கள்.

மாலையோடு வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியபோது, இடது காலுறை ரத்தத்தில் ஊறியிருந்தது. பந்து எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெருவிரல் நகம் பெயர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், வேறு யாருடைய விரலையோ தொடுகிற மாதிரி இருந்தது. மறுநாள் தெருவில் போகும்போது ஒரு செருப்பு எங்கோ கழன்றுவிட, அது தெரியாமலே, அன்றைக்குத்தான் தார் ஊற்றிய சாலையில் வெறுங்காலோடு நடந்து கடைக்குப் போனாள். கடைக்காரர் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோல் வெந்து உரிந்திருந்தது. வலி இல்லை. அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அடுத்த வாரம் காலைப் பிரார்த்தனையில், பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் ஏறத் தூக்கிய இடது காலின் பாதம் எழும்பாமல் தொங்கியது. அவள் முகம் குப்புற விழுந்தாள்.

டவுன் டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலையும் கணுக்காலையும் தட்டிப் பார்த்தார். பாதத்தில் ஊசியால் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார். தெரியவில்லை, தெரியவில்லை என்றாள்.

"வலி எப்போ போச்சு?" என்றார் டாக்டர்.

"கன்னுக்குட்டி காணாமப் போன அன்னைக்கு சார்."

டாக்டருக்கும் கன்றைப் பற்றித் தெரியும். அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. அவர் சுத்தியலை மேஜைமேல் வைத்தார். வலிக்கிறவரைக்கும் நரம்பு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இப்போது அது பேச்சை நிறுத்திவிட்டது, இப்படியே விட்டால் கால் அதுபாட்டுக்குப் போய்விடும், பிறகு கூப்பிட்டாலும் வராது என்றார். அறுவை சிகிச்சை பற்றியும் சொன்னார். அதற்கு முன்னால் கன்றைத் தேடிப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் உட்கார்ந்து, செத்த காலைக் கையால் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, கணவனை நேராகப் பார்த்தாள்.

"எங்கன கொண்டுபோய் விட்டீங்க?"

 காற்றாலைப் பொட்டல் என்றான் தங்கமாரியப்பன். "நீ அழுததப் பாத்துக்கிட்டு இருக்க முடியல கோமதி. என்னால வாங்கிக்க முடிஞ்சா நான் வாங்கிருப்பேன். முடியல. அதான் தூரப் போட்டுட்டு வந்தேன்."

"அது என் காலையும் சேத்துல்ல கொண்டுபோயிருச்சு" என்றாள் அவள்.

ஆட்டோவில் கூட்டிப்போகிறேன் என்று அவன் சாவியை எடுத்தான். வேண்டாம் என்றாள். உங்களைக் கண்டால் அது ஓடும் என்றாள். சொன்ன பிறகு, அது எவ்வளவு கடுமையான சொல் என்று இருவருக்கும் தெரிந்தது. ஆனால் அது உண்மையாகவும் இருந்ததால் அவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் போனாள். ஹாக்கி மட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றிக்கொண்டு, காற்றாலை நிறுத்தத்தில் இறங்கினாள். பொட்டலில் செம்மறிக் கிடை போட்டிருந்த ஒரு தம்பதி அவளைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே, கன்னுக்குட்டிக்குத்தானே வந்தீங்க என்றார்கள். அது மேயவில்லை, விரட்டினால் போகவில்லை, கடைசிக் காற்றாலையின் அடியில் வடக்கே பார்த்து நின்றது நின்றபடியே நிற்கிறது, மழையிலும் நின்றது என்றார்கள். செவல்மேடு அங்கிருந்து வடக்கே இருந்தது.

சங்கரகோமதி நடந்தாள். இடது பாதம் தரையைக் கீறிக்கொண்டு பின்னால் வந்தது. மேலே அந்தப் பெரிய இறக்கைகள் காற்றை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தன, அவற்றின் நிழல் அவளைக் கடந்து, திரும்பி வந்து, மறுபடி கடந்தது. முதல் காற்றாலையைத் தாண்டியபோது பெருவிரலில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள், எறும்பு இல்லை. அடுத்ததைத் தாண்டியபோது பாதம் குறுகுறுத்தது, உள்ளங்கால் வெந்த இடம் எரிந்தது, இத்தனை நாள் தெரியாத எரிச்சல் எல்லாம் சேர்ந்து எரிந்தது. அவள் நின்று மூச்சு விட்டாள். திரும்பிப் போனால் எரிச்சல் அடங்கிவிடும் என்று தெரியும். நடந்தாள். கணுக்காலில் ஏறியது, கெண்டைக்காலைப் பிடித்து முறுக்கியது, தொடையின் பின்பக்கமாகக் கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி மேலே வந்தது, அவள் நடந்தாள், பந்து பட்ட அடியின் வலி வந்தது, மேடையில் விழுந்த வலி வந்தது, வெற்றி பெற்ற அன்றைக்கு ஓடிய ஓட்டத்தின் வலியெல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வந்து தன்னைத் தந்துவிட்டுப் போனது, அவள் வாங்கிக்கொண்டு நடந்தாள். கடைசிக் காற்றாலைக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டையை ஊன்றாமல் நடக்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. பாதம் தரையை விட்டு எழுந்தது, தரையில் பதிந்தது. முகமெல்லாம் கண்ணீராக இருந்தது.

கன்று இளைத்து எலும்பாகியிருந்தது. அவள் அதன் எதிரே உட்கார முயன்று, முடியாமல், நின்றபடியே அதன் கழுத்தில் கையை வைத்தாள். தன் இடுப்பில் தன் கையே படுவதை உணர்ந்தாள்.

"வா, போவோம்" என்றாள்.

அன்று முழுக்க நின்று நின்று நடந்து, சாயங்காலம் வேறொரு கிடையில் தங்கி, மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் இருவரும் செவல்மேட்டுக்குள் வந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து வாசலில் நின்றார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஞானசுந்தரி தவிட்டை வறுத்துச் சாக்கில் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

அதன்பிறகு சங்கரகோமதி கண்மாய்க்கரையில் நடக்காத காலை இல்லை. எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக்கூடாது என்பதற்குக் கன்றின் காதைப் பார்த்தாள். வலி போகவில்லை. சில நாள் அது தோளளவு வளர்ந்து வழிமறித்து நின்றது, சில நாள் பூனை அளவுக்குச் சுருங்கி அவள் நிழலில் நடந்தது. ஊர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இடுப்பு வலி, முழங்கால் வலி என்றிருந்தவர்கள், தங்களுக்கு ஒன்றும் பிறக்காவிட்டாலும், விடியற்காலையில் அவள் பின்னால் நடந்தார்கள். கன்று நிற்கும் இடத்தில் எல்லோரும் நின்றார்கள்.

தங்கமாரியப்பன் மட்டும் அதன் அருகே வரவில்லை. அவன் ஆட்டோவைக் கிளப்பும் சத்தம் கேட்டாலே கன்று விலகிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அடுப்படியில் இருக்கும் சங்கரகோமதிக்கு இடுப்பில் சுருக்கென்று பிடிக்கும். அது அவனுக்குத் தெரிந்தது. ஆகவே ஆட்டோவைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே வைத்துக் கிளப்பினான். சிலிண்டர் தூக்கினான், தண்ணீர் எடுத்தான், கட்டிலுக்கு அடியில் போன சீப்பை அவள் கேட்பதற்கு முன் எடுத்துவைத்தான். பேச்சு மட்டும் குறைந்துபோனது. அவளும் அவனை வா என்று கூப்பிடவில்லை.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நடக்கிற பெண்கள் ஆட்டத்தில் சங்கரகோமதி இறங்கினாள். இறங்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். முந்தின வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருந்தாள், கன்றும் முரண்டு பிடிக்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து அதைப் படுக்கவைத்துவிட்டு, மட்டையோடு நடுவில் போய் நின்றாள். ஊரே கூடியிருந்தது. தங்கமாரியப்பன் கூட்டத்துக்குள் வராமல், கன்றுக்கும் தூரமாய், கம்பிவேலியோரம் நின்றான். அவள் ஆடினாள். பழைய வேகம் இல்லை, ஆனால் பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்து, ஓடாமலே அங்கே இருந்தாள். ஆட்டம் சமனாகிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் அவளிடம் பந்து வந்து, அவள் குனிந்து இழுத்துவிட வேண்டிய நேரத்தில், கூட்டம் அமைதியானது. கன்று சாக்கின்மேல் எழுந்து நின்றிருந்தது. அதன் பின்கால் நடுங்கியது.

எல்லோரும் கன்றைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். ஐப்பசிக்கு முன்னால் என்றால் இடுப்பு முறிந்தாலும் அந்தப் பந்தை அவள் விட்டிருக்கமாட்டாள். இப்போது பக்கவாட்டில் நின்ற தன் அணிக்காரி முப்பிடாதியிடம் பந்தைத் தள்ளிவிட்டாள். நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், தனக்குப் பதில் ஆள் வரட்டும் என்று சைகை காட்டிவிட்டு, எல்லைக்கோட்டை நோக்கி நடந்தாள். கோடு தூரத்தில் இருந்தது. வலி கம்பியாக இறங்கியது. பாதி வழியில் அவள் மட்டையை ஊன்றி நின்றாள். அங்கே கன்று முன்கால் மடங்கிச் சரியப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தொடப் பயந்து விலகினார்கள்.

வேலியோரம் நின்ற தங்கமாரியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கன்று அவனைப் பார்த்தது, ஆனால் விலகவில்லை. அவன் மண்ணில் மண்டியிட்டான். எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் கை அந்தரத்தில் நின்றது. பிறகு, கன்றின் முதுகு தாழ்ந்து இடுப்பில் சேருகிற பள்ளத்தில், உள்ளங்கையை மெதுவாக வைத்தான்.

மைதானத்துக்கு நடுவே நின்ற சங்கரகோமதியின் இடுப்பில் ஒரு கை படிந்தது. பண்டல் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. வலி இருந்தது, அதன்மேல் கை இருந்தது. அவள் பின்னால் பந்து கோலை நோக்கி ஓடியது, யாரோ விசில் ஊதினார்கள், கூட்டம் எழுந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள். அவன் கையை எடுக்கவில்லை. அவள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நடக்கத் தொடங்கினாள்.